நான்காவது கொப்பி

நீ கதை எழுதிய மூன்றாவது கொப்பியைக் கடை மேசையில் விரித்தபோது அடுப்புப் புகை வாசனை குப்பென்று எழுந்தது. கடைக்கார நானா மூக்கை உறிஞ்சிவிட்டு, வயர் ஏதும் கருகுகிறதா என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது. தோட்டத்தில் உங்கள் லயத்துக் காம்பராவில் அடுப்புக்கு மேலே இருந்த பரணில் கிடந்த கொப்பி வேறு எப்படி மணக்கும்? தும்மல் என்று நானாவிடம் பொய் சொன்னேன்.

பதுளை பஜாரில் போட்டோகொப்பியும் டைப்பிங்கும் செய்கிற இந்தக் கடையில்தான் இன்னமும் வேலை செய்கிறேன். உன் திவசம் வருகிறது. அதற்குள் நீ எழுதிய நாவலைப் புத்தகம் மாதிரிக் கட்டித் தரும்படி உன் அம்மா கேட்டு, பரணில் இருந்த மூன்று கொப்பிகளையும் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். ஆனால் நீ எழுதியது நான்கு கொப்பிகள். நான்காவது எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது நீ தொடங்கிய கதை அது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியிருக்கும். குழந்தைகள் இல்லாத அந்தப் படியில் உட்கார்ந்து நீ வாசிப்பாய், அப்புத்தளைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கி வந்து எதிரே இருக்கும் தேயிலையை மூடும். கதையில் வருவதும் ஒரு தோட்டம்தான், ஆனால் இன்னும் நூறு வருடம் கழித்து. அங்கே வேலைக்கு ஆள் கூட்டும் காலைப் பெரட்டில் யாருக்கும் கொழுந்தெடுக்க நிரை பிரித்துக் கொடுப்பதில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு கோப்பை தேத்தண்ணி கொடுப்பார்கள். குடித்தால் நேற்றைய துக்கம் மறந்துபோகும். துக்கத்தோடு சேர்ந்து, நேற்று நேசித்த ஆளும் மறந்துபோவார். நிலானி என்ற பெண் மட்டும் யாருக்கும் தெரியாமல் தேத்தண்ணியைச் சட்டைக் கைக்குள் ஊற்றிவிடுவாள். அவள் நேசித்த கவின் ஒவ்வொரு காலையும் அவளைப் புதிதாகப் பார்ப்பான். அவளும் ஒவ்வொரு காலையும் தன் பெயரைச் சொல்லி முதலிலிருந்து தொடங்குவாள்.

சட்டைக் கைக்குள் ஊற்றினால் சுடாதா என்று நான் கேட்டேன். ஆறின தேத்தண்ணிதான் கொடுப்பார்கள், தோட்டத்தில் எது சூடாகக் கிடைத்திருக்கிறது என்றாய். அப்படி ஒரு பதில் எப்போதும் உன் கையில் இருக்கும்.

இரண்டாவது கொப்பி எழுதும் காலத்தில்தான் உனக்கு அந்த நோய் வந்தது. காரணம் கேட்டால் உனக்கே தெரியவில்லை. ரிசல்ட் சரியில்லை என்றார்கள் சிலர், காதல் தோல்வி என்றார்கள் சிலர், உன் அம்மா கண்ணேறு என்று கையில் கயிறு கட்டினார். நீயோ பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் இரண்டு நாள், மூன்று நாள் எழும்பமாட்டாய். தலை வாரமாட்டாய். பிறகு நீயாகவே கிளினிக்குக்குப் போனாய், அது மனச்சோர்வு என்று டொக்டர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். மாத்திரை எடுத்த பிறகுதான் மூன்றாவது கொப்பியையே எழுத முடிந்தது. கதையில் வரும் தேத்தண்ணி இந்த மாத்திரைதானா என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டபோது நீ சொன்னதை இப்போது தினமும் நினைக்கிறேன்.

"லூசு. மாத்திரை நான் எந்திரிக்கிறதுக்கு. அந்தத் தேத்தண்ணி, மத்தவங்க நிம்மதியா இருக்குறதுக்கு."

அன்று அது எனக்கு விளங்கவில்லை. எதையும் சட்டுப்புட்டென்று சரிசெய்துவிட வேண்டும் என்று நிற்கிற ஆள் நான். ஒழுகுகிற பைப் என்றாலும் சரி, உடைந்த மனம் என்றாலும் சரி, எனக்கு ஒரே வைத்தியம்தான். எழும்பு, குளி, வெளியே நட. உன்னை எத்தனை தடவை கையைப் பிடித்து இழுத்து எழுப்பியிருப்பேன். நீயும் எனக்காக எழும்பி நடந்து, எனக்காகச் சிரித்தும் இருக்கிறாய்.

நான் பதுளைக்கு வேலைக்கு வந்த பிறகு, ஒரு லீவு நாளில் அதே படியில் உட்கார்ந்து நான்காவது கொப்பியை வாசித்துக் காட்டினாய். கதை முடிந்திருந்தது. நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி முடித்தால் யார் வாசிப்பார்கள், அந்தப் பெண்ணுக்குச் சுகமாகட்டும், கவினுக்கு எல்லாம் நினைவு வரட்டும், இரண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணிவை என்று மூச்சு விடாமல் சொன்னேன். நீ கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, பார்க்கிறேன் என்றாய். ஒரு மாதம் கழித்துப் போனில், மாற்றிவிட்டேன், வந்தால் வாசித்துக் காட்டுகிறேன் என்றாய். வருகிறேன் என்று சொன்னேன், வரவில்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்த ஒரு வாரத்தில்தான் உன் அழைப்பு வந்தது. கடையில் ஸ்கூல் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன்.

"முடியலடி," என்றாய்.

உனக்கு முடியவில்லை என்றால் எது முடியவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம். எழும்பி முகம் கழுவு, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வா, சரியாகிவிடும் என்றேன். சரி என்று சொல்லி நீ போனை வைத்தாய்.

அது காய்ச்சல். நான்கு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய், எப்போதும் போலத்தான் என்று உன் அம்மாவும் கொழுந்தெடுக்கப் போய் வந்தார். ஐந்தாம் நாள் உன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில் லயமே கூடியது. தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். இரண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை உன் அம்மா இன்றைக்கும் என்னிடம் சொல்லிச் சொல்லி அழுகிறார். நீ என்னைக் கூப்பிட்டது இரண்டாம் நாள் என்பதை நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

இறந்தவர் கடைசியாகப் படுத்த பாயையும் தலையணையையும் நம் தோட்டத்தில் வீட்டில் வைப்பதில்லை. சுருட்டிக் கட்டி, கூடவே எடுத்துப்போய் எரித்துவிடுவார்கள். பிரித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை என்பதால், உன் பாய்ச் சுருட்டை வாசலில் நின்ற ஆண்களிடம் எடுத்துக் கொடுத்தது நான்தான். கையில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. தலையணை என்று நினைத்தேன். தலைமாட்டில் வைத்திருந்த நான்காவது கொப்பியைக் காணோம் என்று உன் அம்மா தேடியது மூன்று நாளைக்குப் பிறகு.

அதனால்தான் போன வாரம் முழுவதும் அந்தக் கொப்பியில் இருந்த கடைசி அத்தியாயத்தை நானே எழுதினேன். நான் கேட்ட கல்யாணத்தை நானே செய்துவைத்தேன். நிலானிக்கு எல்லாத் துக்கமும் தீர்ந்தது, கவினுக்கு நினைவு திரும்பியது, மேளம் கூட வைத்தேன். நீ மாற்றியதும் ஏறத்தாழ இப்படித்தானே இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று உன் அம்மா கடைக்கு வந்தார். கதையில் வரும் அந்தப் பிள்ளைக்குக் கடைசியில் என்ன ஆனது என்று கேட்டார். நானா ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, தொழுகைக்கு என்று வெளியே போனார். நான் அச்செடுத்து வைத்திருந்த கல்யாணத்தை வாசித்தேன். உன் அம்மா கடைசி வரைக்கும் கேட்டார், ஒரு முறை கூடத் தலையாட்டவில்லை.

"இது நீ எழுதினது தானேம்மா?"

ஆமாம் என்றேன். நீ முதலில் என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டார். சொன்னேன். ஒரு காலைப் பெரட்டில் நிலானி எல்லோருக்கும் தெரியும்படி கோப்பையைத் தரையில் கவிழ்க்கிறாள். என் பெயர் நிலானி, எனக்கு இன்னும் முடியவில்லை என்று உரக்கச் சொல்கிறாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கவினும் அவளைக் கடந்து மலைக்கு ஏறிப் போகிறான். மறுநாள் அவள் அதே இடத்தில் நின்று அதையே சொல்கிறாள். அதற்கு அடுத்த நாளும் சொல்கிறாள்.

"கடைசி வரைக்கும் நல்லாகலையா அவ?"

"இல்லம்மா."

உன் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப இதுதான் எம்புள்ள எழுதினது. இதையே அடிச்சிரு," என்றார். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாற்றிவிட்டேன் என்று நீ சொன்னது உண்மைதானா, இல்லை எனக்காக எழும்பி நடந்த மாதிரி எனக்காகச் சொன்னதா, அதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. கதையில் அந்தக் கோப்பையை நீட்டுகிறவர்களுக்கு நீ முகம் வைக்கவில்லை. அதில் ஒரு முகம் என்னுடையது என்று எனக்கு இப்போது தெரியும். ஒருவேளை வாசித்து முடித்ததும் நீ நிமிர்ந்து பார்த்தது அதற்காகத்தானோ என்னவோ.

இன்று காலை கல்யாணத்தை அழித்தேன். படியில் உட்கார்ந்து நீ வாசித்த சொற்கள் நினைவில் நின்ற அளவுக்கு, ஒன்றையும் இனிப்பாக்காமல் அடித்தேன். என் பெயர் நிலானி, எனக்கு இன்னும் முடியவில்லை. அந்த வரியில் கை நின்றுவிட்டது. கடை நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும். அன்று போனில் கேட்காததை இப்போது கேட்கிறேன்.

எங்கடி வலிக்குது?