தம்பி விட்டுப்போன மோட்டார் சைக்கிள்

14.5.81, வியாழன்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாசல் முழுக்க மணல். கூட்டியும் பயனில்லை.

தம்பி காலையில் கட்டாருக்குத் திரும்பிப் போனான். தன் மோட்டார் சைக்கிளை இங்கே விட்டுவிட்டு, இவரிடம், "மச்சான், நான் வாற வரைக்கும் இத ஓடுங்க. சும்மா கெடந்தா இரும்பெல்லாம் கறள் புடிக்கும்" என்றான். (இனி மோ.சை. என்றே எழுதுவேன். கை நோகிறது.)

விட்டுப் போகச் சொல்லித் தம்பியிடம் கேட்டு வைத்தது நான்தான். இவருக்குத் தெரியாது. இவருக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். மீன் விற்கப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் மாவடிப்பள்ளி ஊர் வரை, அதுவும் எதிர்க்காற்றில். மிதிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியாயிற்று. கேட்டால்தானே! பயமாக இருக்கிறது.

15.5, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சாப்பிட்டபின் மோ.சை. கதையை எடுத்தேன். இவர் சொன்ன நொட்டைகள்:

"வயலுக்குள்ள பெட்றோல் முடிஞ்சா எருமையா பூட்டுற?"

"பழுதானா ஆரு பாக்கிற?"

"இன்ஜின் சூட்டுல மீன் அழுகிப் போகும்."

"மோட்டர்ல வந்தா, இவனுக்குக் காசு கூடிட்டு எண்டு மீன் வாங்குற பொண்டுகள் சொல்லுவாளுகள்."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கடைசியில், "வெக்கமா இரிக்கி புள்ள." அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமல் எழும்பிப் போய்விட்டார்.

வாங்க: சீனி, மண்ணெண்ணெய், உப்பு.

17.5, ஞாயிறு

அல்ஹம்துலில்லாஹ், என் நச்சரிப்புத் தாங்காமல் மோ.சை.யில் போனார். இன்ஜின் சூடு படாமல் பெட்டிக்கடியில் ஈரச்சாக்கு வைத்துக் கொடுத்தேன்.

பகல். மீன் அப்படியே திரும்பி வந்துவிட்டது! மாவடிப்பள்ளியில் ஒருத்தியும் வேலிக் கடப்பைத் திறக்கவில்லையாம். அங்கே மோட்டார் சத்தம் கேட்டால் மலேரியா மருந்தடிக்க வருகிறார்கள் என்று அர்த்தம். சாமானெல்லாம் வெளியே தூக்கிப் போடவேண்டும், சுவரெல்லாம் நாறும். கதவைச் சாத்திவிட்டுச் சத்தம் போடாமல் இருந்துவிட்டார்கள்.

"ஹோன் அடிச்சன். இன்னும் ரெண்டு கதவு பூட்டுப்பட்டிச்சு" என்றார்.

சிரிப்பதா அழுவதா. பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தது போக மீதிக் கீரிமீனுக்கு உப்புப் போட்டேன். வாங்கின உப்பும் முடிந்தது.

19.5, செவ்வாய்

நேற்றும் இன்றும் சைக்கிள். மோ.சை.யைச் சாக்குப் போட்டு மூடிவிட்டார்.

இன்று வந்தவர் சைக்கிளைக் கடப்படியில் போட்டுவிட்டு முருங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரிச் சத்தம், குசினி வரை கேட்டது. ஓடிப்போய் முதுகைத் தடவினேன். கதைக்க முடியவில்லை. கையைக் காட்டித்தான் தண்ணீர் கேட்டார்.

யா அல்லாஹ், இந்த மனிசனை எனக்கு விட்டுவை. வேறொன்றும் எழுத மனமில்லை.

20.5, புதன்

காற்று அப்படியே.

சுபஹ் தொழுத கையோடு சைக்கிளில் இருந்த றப்பர் ஹோனைக் கழற்றினேன். அமுக்கினால் பாம் பாம் என்று கத்துமே, மீன் வந்துவிட்டது என்று மாவடிப்பள்ளிக்குச் சொல்லுமே, அதுதான். மோ.சை. கைபிடியில் சீலைக்கிழிசலால் இறுக்கிக் கட்டினேன்.

"பைத்தியமா புள்ள உனக்கு? மோட்டருக்கு ஹோன் இரிக்கிதானே?"

"அது மலேரியாக்காரன்ட ஹோன். இது உங்கட ஹோன்."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மச்சான். கடப்பத் தொறந்துதானே சிரிக்கோணும்."

பெட்டியை மோ.சை.யில் கட்டிக்கொண்டு போய்விட்டார். மீன் ஆணத்துக்குப் புளி விட்டேனா இல்லையா என்றே நினைவில்லை.

லுஹர் பாங்குக்கு முன் இன்ஜின் சத்தம். நின்றது. வெறும் பெட்டி தரையில் விழுந்து உருளும் சத்தம். நான் அதைப் பார்க்கப் போகவில்லை. அகப்பையை வைத்துவிட்டு, குசினிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பூனைச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். காற்று மட்டும்தான்.

"என்னகா, சோறு இன்னும் ஆகல்லயா, பசி உசிரு போகுது, மாவடிப்பள்ளிப் பொண்டுகள் என்னப் பாத்துச் சிரிச்ச சிரிப்பு உனக்குக் கேட்டிரிக்குமே!" என்றார், ஒரே மூச்சில்.