எனக்கும் சிவப்பு

மார்ச் 3
டயகம தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் பதினோரு வருடமாக இருமல்காரர்களிடம் சளி டப்பா வாங்கிச் சோதனைக்கு அனுப்புவது நான். இன்று ஒரு புதுப் போன் வந்தது. அதில் இருமினால் போதும், காசநோய்ச் சந்தேகம் இருந்தால் சிவப்புக் காட்டுமாம். டொக்டரய்யா அதை என்னோடு வேலை செய்யும் ஜீவராணி கையில் கொடுத்தார். அவள் வேலைக்கு வந்தே எட்டு மாதம்!
"அக்கா, நீங்களும் பழகிக்கிறீங்களா?" என்றாள். தலைவலி என்றேன்.

மார்ச் 5
காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசையில் நின்று போனுக்கு இருமினார்கள். என் டப்பாவைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள், அவளிடம் சிரித்துச் சிரித்து இருமுகிறார்கள். வயிறு எரிகிறது. வேறென்ன எழுத?

மார்ச் 6
கொழுந்து எடுக்கிற மீனம்மாவுக்குச் சிவப்பு. ஒரு மாத இருமலாம். பக்கத்து லயத்து வீட்டு வரிசைதானே — என் காதில் ஏன் விழவில்லை?

மார்ச் 7
ஜீவராணி தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் போனை எடுத்து, பூரணி என்று என் பெயரைப் போட்டு, வேண்டுமென்றே இருமினேன். சிவப்பு! பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த எல்லோரிடமும் சொன்னேன். "கல்லு மாதிரி இருக்கேன், எனக்கே செவப்புக் காட்டுது. பொய்ப் போனு." எவ்வளவு சந்தோஷம் எனக்கு!

மார்ச் 10
பெரட்டில் இருமியது நாலே பேர்.

மார்ச் 12
மீனம்மா சளி கொடுக்க மாட்டேன் என்றாளாம். "பூரணியே பொய்ப் போனுன்னு சொல்லிருச்சே." அவளுடைய மூன்று வயதுப் பிள்ளை அவளோடு ஒரே போர்வையில்தான் படுக்கும். ஐயோ, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா நான்?
ஜீவராணி போனில் என் பெயரைப் பார்த்திருக்கிறாள். கோபப்படவில்லை. "செவப்புன்னா நோயின்னு இல்லக்கா. சளியப் பாக்கணும்னுதான். ஒங்களுக்கும் பாக்கணும்" என்றாள்.

மார்ச் 13
இரண்டு டப்பாவோடு மீனம்மா லயத்துக்குப் போனேன். வேண்டுமென்றே இருமியதைச் சொல்ல வாய் வரவில்லை. "நானும் குடுக்குறேன், நீயும் குடு" என்றேன். கொடுத்தாள்.

மார்ச் 18
எனக்கு ஒன்றுமில்லை. மீனம்மாவுக்கு இருக்கிறது. மருந்து தொடங்கிவிட்டார்கள். பிள்ளையையும் பரிசோதிக்கிறார்கள்.
என்னால் ஆறு நாள் வீண்.

மார்ச் 20
பெரட்டில் எல்லோர் முன்னும் ஜீவராணி சொன்னாள்: "தப்பு என்னோடது. செவப்புன்னா என்னான்னு அக்காவுக்கு நான்தான் சரியாச் சொல்லல." இந்த நல்ல பெயரையும் அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாள்.
பிறகு அவளிடம் போய், போனை வாய்க்கு எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று கேட்டேன்.