கறுப்பிக்கு ஊற்றிய தண்ணீர்

நவம்பர் 30

மழை விட்டுவிட்டது. முற்றத்து வெள்ளம் இன்றுதான் வடிந்தது. மீன் தொட்டி மேசையில் இருந்ததால் தப்பியது. ஆனால் என் கறுப்பு மொலி மீன், கறுப்பி, சரியில்லை. அடியில் கிடக்கும் கல்லில் போய் உடம்பைத் தேய்க்கிறாள். குட்டி போடுகிற இனம், வயிற்றில் குஞ்சு வேறு.

அம்மா எட்டிப் பார்த்து, "கறுப்பி எண்டு நாய்க்குத்தான் பேர் வைக்கிறவை" என்று வழக்கம்போலச் சொன்னார்.

நான் பள்ளிக்கூடத்தால் நின்ற மாதம் அப்பா இந்தத் தொட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துப் பரந்தனுக்குக் கொண்டுவந்தார். ஏன் நின்றாய் என்று கேட்கவில்லை. "இதுகளோட கதை. திருப்பிக் கேள்வி கேக்காதுகள்" என்றார்.

டிசம்பர் 1

உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். செட்டையில், வாலில். கறுப்பு உடம்பில் பளிச்சென்று தெரிகிறது. போனில் தேடிப் பார்த்தேன். வெள்ளைப்புள்ளி நோய். குளிரில் கூடுமாம். இளஞ்சூடு வேண்டும், கல்லுப்பு வேண்டும், தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

அப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்கிறவர். மழையென்றால் வேலை இல்லை, வீட்டில்தான். "எங்கட வீட்டில இல்லாத உப்பே?" என்று சாக்கை அவிழ்த்தார். தொட்டிக்கு மேலே ஒரு குண்டு பல்ப்பும் கட்டித் தந்தார்.

டிசம்பர் 4

சாப்பிட்டாள்! ஒரே ஒரு வாய்.

டிசம்பர் 5

காலையில் வாசல் படலையில் மோட்டார் சைக்கிள். சுகாதாரப் பகுதியில் இருந்து ஒருவர். அப்பாவும் அம்மாவும் சந்தைக்குப் போயிருந்தார்கள். "வீட்டில ஆர் நிக்கிறியள்?" என்று கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் நீட்டினேன். கிணற்றடியைக் காட்டி ஏதோ சொன்னார். எப்போது போவார் என்ற நினைப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் கிணற்றடிப் பக்கம் திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டேன்.

பின்னேரம் கிணற்றில் அள்ளிப் பாதித் தண்ணீரை மாற்றினேன். நாளைக்கு இன்னும் தெளிவாள்.

டிசம்பர் 6

எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு எடுக்குதுகள். தண்ணி பிழையாக்கும் எண்டு இன்னும் மாத்தினன். மாத்த மாத்தக் கூடுது. செம்மஞ்சள் குட்டி மீன் செத்துப் போச்சு. என்ன செய்துபோட்டன்? உப்புக் கூடிட்டுதோ? கறுப்பியும் போயிடுவாளோ?

(இரவு)

இப்போதுதான் எழுத முடிகிறது. கிளிநொச்சியில் மீன் கடை வைத்திருக்கும் சுமித்திரா அக்காவுக்கு அப்பா போன் எடுத்து, என் கையில் தந்துவிட்டார். "நீயே சொல்லு பிள்ளை. உன்ர மீன்ர வருத்தம் எனக்கென்ன தெரியும்?"

"ஹலோ... ஆர் கதைக்கிறது?" என்றார் அக்கா. போனை வைத்துவிடலாம் என்று பார்த்தேன். கறுப்பியின் செவுள் படபடவென்று அடித்தது. சொன்னேன், எல்லாவற்றையும், மூச்சு விடாமல்.

"கிணத்துக்குக் குளோரின் போட்டவையே?"

"தெரியாது அக்கா."

குசினிக்குள் இருந்து அம்மா சத்தம் போட்டார். "அதுதான் தேத்தண்ணி மணக்குது! நான் கேத்தலைத்தான் பேசிக்கொண்டிருந்தன்!"

வெள்ளம் வந்த கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். போட்டால் ஒரு நாளைக்கு அள்ளக்கூடாது. நேற்று அந்த மனிதர் அதைத்தானே சொல்லியிருப்பார்? நான் தலையாட்டினேனே. எங்களுக்கு நல்லது, மீனின் செவுளுக்கு நெருப்பு. வாளி வாளியாக நானே ஊற்றினேன்.

"மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருக்கோ? அதில கொஞ்சம் உப்புப் போட்டு, தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து ஊத்து. காத்துப் பம்மைக் கூட்டிவிடு. அழாமல் செய்யம்மா" என்றார் அக்கா. நான் அழுதது அவருக்கு எப்படிக் கேட்டது?

அம்மா உடுப்புத் தோய்க்கப் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் பீப்பாயில் இருந்தது. நான் கேட்காமலே அதிலிருந்து ஒரு கேத்தல் சுட வைத்துக் கொண்டுவந்தார். "மீனுக்கும் சுடுதண்ணி வைக்கிற காலம்" என்றார். கை மட்டும் தொட்டிக்குள் மெதுவாகச் சூடு பார்த்தது.

டிசம்பர் 7

மூச்சு ஆறிவிட்டது. கீழே இறங்கி நிற்கிறாள்.

டிசம்பர் 16

புள்ளி ஒன்றும் இல்லை. முதலில் கண்டது அம்மா. "உன்ர நாய்க்குட்டிக்குச் சுகமாகிட்டுது, வந்து பார்."

டிசம்பர் 20

குஞ்சுகள்! பாசிக்குள் கண்களும் வால்களுமாக. அப்பா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு எண்ணுகிறார். ஒவ்வொரு முறையும் வேறு கணக்கு வருகிறது.

ஜனவரி 12

மறுபடியும் மழை, வெள்ளம். இன்று அதே மோட்டார் சைக்கிள் சத்தம். அம்மா வீட்டில்தான் இருந்தார். நான் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். மாக் கையோடு ஓடினேன்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ! இப்ப போடாதேங்கோ. முதல்ல தண்ணி அள்ள வேணும்."

"குடிக்கவோ?"

"இல்லை, மீனுக்கு. குஞ்சுகள் இருக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த வீட்டில கதைக்கிற ஆளும் இருக்குதே? போனமுறை கதவுதான் தலையாட்டினது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீப்பாய், குடம், அண்டா எல்லாம் நிரப்பினேன். கடைசி வாளியை அவரே அள்ளித் தந்தார். அடுத்ததாகப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாராம். வடிவம்மா மாமிக்கும் நான் குஞ்சுகள் கொடுத்திருக்கிறேனே! வேலிக்கு மேலால் கூப்பிட்டேன்.

"மாமி! வாளியோட கெதியா வாங்கோ!"

தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

உள்ளே வந்தபோது அம்மா மாவைக் குழைத்து முடித்திருந்தார்.