தை வரை பொறுக்காத விண்ணப்பம்

அம்மா,

அறிவித்தல்: இவ்வீட்டின் மொத்த ஆண் சனத்தொகையான யதுர்ஷன் ரொக்ஸ்பரோவில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போய்விட்டான். நீங்கள் டோர்வல் விமான நிலைய வேலை முடிந்து வரும்போது வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அடுப்பில் மீன்குழம்பு இருக்கிறது. உப்புப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை; கூடவோ காணாதோ தெரியாது.

"எந்த நாட்டு உடுப்பப் போட்டாலும் ஆமி ஆமிதான் மனே" என்று நீங்கள் சொல்லி நாலு நாளாகிறது. அதன்பிறகு இங்கே யாரும் எந்த மகனையும் 'மனே' என்று கூப்பிடவில்லை. அவன் குளிர்சாதனப் பெட்டியோடுதான் கதைத்தான், அதுவாவது உறுமியது.

கனடா இராணுவமே படிப்பித்து அதிகாரியாக்கும் புலமைப்பரிசில் படிவம் மேசையில் இருக்கிறது. விண்ணப்பிப்பவருக்குப் பதினெட்டு ஆகாததால் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம்.

பி.கு.: தையில் அவனுக்குப் பதினெட்டு. அதுவரை பொறுத்திருந்தால் உங்கள் கையெழுத்தே தேவைப்பட்டிராது. அது தெரிந்துதான் முந்தி விண்ணப்பிக்கிறான்.

இன்னொன்று (ஓரத்தில் எழுதுறன், இடமில்லை): உங்களைக் கேக்காமல் போக எனக்கு ஏலாது அம்மா. கையெழுத்து வைக்காட்டியும் பரவாயில்லை. "உப்புக் காணாது மனே" எண்டாவது எழுதி வையுங்கோ.