டின்னில் இல்லாத மூன்று தோட்டாக்கள்

அக்சாய் மேய்ச்சல் வெளி,
நவம்பர் 20.

அன்புள்ள தொக்தோசுன் அண்ணாவுக்கு,

தங்கை புருல்சா எழுதுவது. அம்மா நலம். ஆடுகளும் நலம், ஒரு கிடா மட்டும் நொண்டுகிறது. அப்பா நலமா என்பதை நீயே படித்து முடிவு செய்துகொள். ஜுமா சித்தப்பாவின் மருமகள் இன்று மதியம் லாரியில் கிளம்பி மாஸ்கோ வருகிறாள். அவளிடம்தான் இந்தக் கடிதத்தையும் ஒரு மூட்டையையும் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறிப் போன் பேசும்போதே சொல்லியிருக்கலாமே என்பாய். அப்பா பக்கத்தில் நின்றால் எனக்கு வாய் வராது. அவர் இல்லாவிட்டாலும் வராது, அது உனக்குத் தெரியும்.

செப்டம்பரில் நீ போனில் ஒரு வார்த்தை சொன்னாய். "இங்க கோழியா தின்னு நாக்கே செத்துப்போச்சுப்பா. மலையாட்டுக் கறி எப்படி இருக்கும்னே மறந்துட்டேன்" என்று. சொன்னதை நீ மறந்திருப்பாய். அப்பா மறக்கவில்லை. மறுநாளே பழைய துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டார். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா தரமாட்டார்கள். அப்போதுதான் பாழடைந்த எல்லைச் சாவடியில் நீ முன்பு தோண்டி எடுத்துவந்த தோட்டா டின் அவர் நினைவுக்கு வந்தது. போனில் அவர் கேட்டபோது வேண்டாம் என்று நீயாவது சொல்லியிருக்கலாம். "வெயில்ல காய வைங்கப்பா, சும்மா ஜம்முனு வெடிக்கும்" என்றாய்.

அந்தத் தோட்டாக்களின் அடியில் 16 என்று பொறித்திருக்கிறது, அதாவது 1916. நம் கிர்கிஸ் ஜனங்கள் ஜார் படையால் சுடப்பட்டு, கணவாய் தாண்டிச் சீனாவுக்கு ஓடிய வருஷம். அம்மா அந்த டின்னைத் தொடவே மாட்டேன் என்கிறாள். அப்பாவுக்குச் சிரிப்பு. "நம்மளச் சுட வந்த குண்டு. நூறு வருஷம் கழிச்சாவது நம்ம சட்டிக்கு உழைக்கட்டுமே" என்கிறார்.

எங்கே உழைக்கிறது? நானும் குதிரையைப் பிடித்துக்கொண்டு எட்டு முறை கூடப் போனேன். பனியில் ஒரு மணி நேரம் குப்புறப் படுத்திருப்பார். மலையாடு நேர் எதிரே நிற்கும். விசையை அழுத்தினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆடுகள் எங்களைப் பார்த்துவிட்டு அவசரமே இல்லாமல் நடந்து போகும். அப்பா தோட்டாவைத் திட்டுவார், ஆட்டைத் திட்டுவார், கடைசியில் குதிரையை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்று என்னைத் திட்டுவார். ஏமாற்றிய தோட்டாவைத் தூக்கிப் போடவும் மாட்டார். கோட்டின் இடது பையில் போட்டுக்கொள்வார். "இப்ப தூங்குனா என்ன, அடுத்த தடவ முழிச்சுக்கும்" என்பார்.

அக்டோபர் கடைசியில் ஒன்று முழித்துக்கொண்டது. டிக் என்றதும் அப்பா பொறுமையில்லாமல், தோட்டாவை வெளியே தள்ளத் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்தார். வெளியே வந்து விழுவதற்குள் தோட்டா வெடித்தது. பித்தளைச் சில்லு கண்ணுக்கு ஒரு விரல் கீழே கிழித்துவிட்டது. அம்மாவிடம் முள் கீறியதாகச் சொன்னார். உன்னிடம் போனில் குளிர் அதிகம் என்று மட்டும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

போன புதன்கிழமை அவர் தனியாகப் போனார். மேலே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. நான் கிடாவை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஜுமா சித்தப்பா ஆற்றங்கரையில் எனக்கு முன்பே நின்றிருந்தார். அப்பா குதிரையில் ஆட்டைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி இறங்கி வந்தார்.

வேட்டையிலிருந்து வருகிறவரிடம் எதிரே போய் 'ஷிரல்கா' என்று பங்கு கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்லக்கூடாது என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். சின்ன வயதில் ஜுமா சித்தப்பாவிடம் என்னைக் கேட்க அனுப்பினாய். நான் வாயே திறக்காமல் திரும்பி வந்தேன், ஒரு வாரம் கேலி செய்தாய். இப்போது கேட்டேன், அண்ணா. குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு "ஷிரல்கா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"அட, ஊமைக்குப் பேச்சு வந்துடுச்சே! எந்தத் துண்டு வேணும்?" என்றார் அப்பா. "அந்த டின்" என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "கறியில கேளு புள்ள" என்றார். நான் கடிவாளத்தை விடவில்லை. ஜுமா சித்தப்பாதான், "கேட்டுட்டா இல்ல, குடுத்துத் தொலைய்யா. அப்புறம் எனக்கு ஒரு தொடை. நானும் கேட்டாச்சு" என்றார். அப்பா சேணப் பையிலிருந்து டின்னை எடுத்து என் கையில் வைத்தார். நான் அதை அங்கேயே, அவர் கண் முன்னாலேயே, ஆற்றின் ஆழமான இடத்தில் போட்டேன்.

அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். இன்று காலை பார்த்தால் குதிரையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. இடது பை! டிக் என்று ஏமாற்றிய தோட்டாக்கள் மூன்று அதில் இருக்கின்றன. நான் டின்னைத்தான் கேட்டேன். பையைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டதை அவர் கொடுத்துவிட்டார், வழக்கத்தை மீறவும் இல்லை. ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு நாள் திறந்தேன், அதையும் அரைகுறையாகத் திறந்தேன். நீ மாஸ்கோ போனதும், உன் இடத்தில் ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோதும் இப்படித்தான், தலையை ஆட்டினேன்.

எழுதிக்கொண்டே மலையையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சத்தம் எதுவும் வரவில்லை. லாரி ஹாரன் அடிக்கிறது.

மூட்டையில் இருப்பது அந்த ஆட்டின் கறிதான், உப்புப் போட்டுக் காய வைத்தது. உனக்கென்று நல்ல பாகத்தை அப்பாவே தன் கையால் அறுத்து வைத்தார். நன்றாக ஊற வைத்துச் சமைத்துச் சாப்பிடு. பிடிக்காமல் ஒரு துண்டு மீந்தாலும் அவரிடம் சொல்லாதே, வேறு ஆடு தேடிப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்ததும் முதல் வார்த்தையாக, வயிறு நிறைந்துவிட்டது, இனி வேண்டாம் என்று சொல். அதை நீ சொன்னால்தான் அவர் துப்பாக்கியை மறுபடி பரணில் ஏற்றுவார். போனை எடுக்க அவரே மேட்டுக்கு வரவேண்டும் என்று நீயும் வேண்டிக்கொள்.

உன் தங்கை,
புருல்சா