வளைவுக்கு மேலே மஞ்சள் கொடி

அன்பு மகள் மேனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணன் யோசெஃபும் அவன் குடும்பமும் ஏழு மாடுகளும் குறையில்லாமல் இருக்கிறோம், உன் வலது முழங்கால் குறையில்லாமல் இருக்கிறதா என்பதை முதலில் எழுது, மற்ற சுகமெல்லாம் பிறகு கேட்டுக்கொள்கிறேன். கனடாவில் இங்கே இருப்பதைவிடக் குளிர் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராம், இருக்கட்டும், கம்பளிக் காலுறைதானே வேண்டும், இரண்டு ஜோடி பின்னி வைத்திருக்கிறேன். செம்பி கன்று போட்டாள், கிடேரி. உன் பெரியப்பா மனைவி ரோஸா வந்து பார்த்துவிட்டு மெலிவாக இருக்கிறதே என்றாள், அவள் யார் மெலிவு என்று சொல்ல, என் பிள்ளை செத்த வீட்டுக்குக் கடையில் வாங்கிய கேக்கைக் கொண்டுவந்தவள், விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல். எனக்குப் படிப்புதான் நாலு வகுப்பு, மறதி கிடையாது.

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் கோபமில்லை. ஜனவரியில் நம் மலையில் நடக்கிற பனிச்சறுக்குப் பந்தயத்தில் முழங்காலைச் சோதித்துப் பார்க்கவேண்டும், போட்டியாளராக இல்லை, அவர்களுக்கு முன்னால் தடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இறங்குகிறார்களே அந்த நாலு பேரில் ஒருத்தியாக, சங்கத்தார் சம்மதித்துவிட்டார்கள், அம்மா வேண்டாம் என்றால் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டாயா, செத்துப்போன உன் பெரிய அண்ணன் வெண்டலினின் எழுத்தைப் போட்டுக்கொண்டு இறங்கவேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். முன்னால் இறங்குகிறவர்களுக்கு எண் கிடையாது, எழுத்துதான், ஏ, பி, சி, டி. வெண்டலின் போனதிலிருந்து நம் ஊர் பந்தயத்தில் ஏ, பி, அதற்கப்புறம் டி, ஈ. இருபத்திரண்டு வருஷமாக யாரும் சி போட்டதில்லை. அவன் கடைசியாகப் போட்டிருந்த சி எழுத்துச் சட்டை ஆஸ்பத்திரியில் காணாமல் போனதாகச் சங்கத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். அது என் அலமாரியில், என் கல்யாணப் போர்வைக்கு அடியில் இருக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. வருஷாவருஷம் முதல் உறைபனி விழுந்ததும், விடிவதற்கு முன் மாட்டுக்கு வைக்கோல் போடப் போகும்போது, நிலவறையில் அரம் ஓடுகிற சத்தம் கேட்கும். வெண்டலின் தன் சறுக்குப் பலகையின் விளிம்பைத் தீட்டுவானே அந்தச் சத்தம், நீளமாக ஒரு இழுப்பு, அப்புறம் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிற இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு. உன் அப்பா இருந்தவரை எலி என்பார். எலி கட்டைவிரலால் தடவிப் பார்க்குமா? நான் இறங்கிப் போனால் யாரும் இல்லை. பயமில்லை எனக்கு, என் பிள்ளைதானே. ஆனால் அவன் என்னிடமிருந்து எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருக்கும். இந்த வருஷம் உன் கடிதம் வந்த மறுநாளே தொடங்கிவிட்டது, உறைபனி விழாமலே.

போன வாரம் யோசெஃபின் சின்ன மகள் அடுப்பறையில் ஆணியில் தொங்கிய அந்த நீலக் கோப்பையை எடுத்துப் பால் குடித்துவிட்டாள். நான் பிடுங்கிவிட்டேன். பிள்ளை அழுதது, மருமகள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை, ஆனால் தப்பு என்னுடையது. கோப்பையைக் கழுவித் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினேன். இதை உனக்குச் சொல்லாமல் நீ கேட்டதற்கு நான் சரியென்றும் சொல்லமுடியாது வேண்டாமென்றும் சொல்லமுடியாது.

நம் தடத்தில் ஒவ்வொரு காவல் இடமும் ஒரு வீட்டுக்குச் சொந்தம், உனக்குத் தெரியும். வேலிப் பள்ளம் மேல்வீட்டுக்கு, கடைசி வளைவுக்கு மேலே இருக்கிற கொடி இடம் காசியன் வீட்டுக்கு, அவன் அப்பா காலத்திலிருந்து. நமக்குக் கொடி கிடையாது, நம் வீட்டுப் பெண்களுக்கு டீ. தூக்குப்பாத்திரத்தில் டீயும் கோப்பைகளும் சுமந்து ஒவ்வொரு இடமாக ஏறுவோம். அன்றைக்கு மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர். பி போட்ட பையன் கடைசி வளைவில் விழுந்து தடுப்பு வலையைக் கிழித்துவிட்டான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, நாலு பேர் தடத்தின் நடுவில் நின்று வலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே கிளப்பிவிடுகிறவருக்கு அது தெரியாது. அதற்குத்தான் காசியன், அதற்குத்தான் மஞ்சள் கொடி, அது ஆடினால் வருகிறவன் எந்த வேகத்தில் வந்தாலும் நிறுத்திவிடுவான். கொடி ஆடவில்லை. வெண்டலின் மேட்டைத் தாண்டி வந்தான், கீழே ஆட்களைப் பார்த்தான், அவர்கள்மேல் மோதாமல் காட்டுப்பக்கம் திருப்பினான், அங்கே மரங்கள். இதுவரை உனக்குத் தெரியும். எட்டு வயதில் உனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

கொடி ஏன் ஆடவில்லை என்றால் அது காசியனின் அக்குளில் சுருட்டி இருந்தது, அவன் இரண்டு கையும் என் நீலக் கோப்பையைச் சுற்றி இருந்தன. நான்தான் கொடுத்தேன். வேண்டாம் நோட்புர்கா அப்புறம் என்றான், நான்தான் ஆறிப்போகும் பிடி என்று கையில் திணித்தேன், ஒரு மூடி ரம்மும் ஊற்றினேன். அவன் கோப்பையைப் போட்டுவிட்டுக் கொடியை உருவுவதற்குள் என் பிள்ளை எங்கள் இருவரையும் தாண்டிவிட்டான். என்னைப் பார்த்தான் மேனா. கண்ணாடி மாட்டியிருந்தான், இருந்தாலும் எனக்குத் தெரியும்.

விசாரணையில் காசியன் கை மரத்துவிட்டது என்று மட்டும் சொன்னான். வாயில் ரம் வாசனை அடித்தது, ஊர் குடிகாரன் என்றது. நான் இல்லை என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவன் கோயில் வாசலில் தொப்பியைக் கழற்றினால் நான் முகத்தைத் திருப்பினேன். அவன்மேல் வைத்த வன்மத்தை ஊரே மெச்சியது. நீ முப்பது பந்தயம் ஓடி, இரண்டு முழங்காலையும் அறுத்துத் தைத்து, ஒரு நொடியில் நூறில் இரண்டு பங்கில் வெள்ளியை விட்டு மூன்றாவதாக மேடை ஏறினபோது ஊரே நம் வாசலுக்கு வந்தது, அவன் மட்டும் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கைதட்டினான், அதற்கும் அவனைத் திட்டினேன். உன் ஒரு பந்தயத்தையாவது நான் பார்த்திருக்கிறேனா, தொழுவத்தில் மாட்டின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், முடிந்துவிட்டது என்று யோசெஃப் வந்து சொல்லும்வரை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காசியன் வீட்டுக்கே வந்தான், எழுபத்தாறு வயது, தொப்பி கையில். உள்ளே வரச்சொல்லவில்லை, வந்தான்.

"மேனா வர்றாளாம். நான் நிக்கறது உனக்குப் பிடிக்கலைன்னா என் மருமகன நிறுத்தறேன். அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

நான் ஆணியில் இருந்த கோப்பையைப் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

"இத்தன வருஷமா ஏன் நீ சொல்லல?"

"என்னத்தச் சொல்ல. குடுத்தது நீ, பிடிச்சது என் கை. பிள்ளையப் பறிகொடுத்தவகிட்ட அதப் போய்ச் சொல்லுவாங்களா."

உட்காரு என்றேன். சூப் கொடுத்தேன், அவன் குடித்தான், நான் எப்போதும் போல உப்பை அதிகம் போட்டுவிட்டேன் என்றான், இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய உப்பு அவனுக்கு ஞாபகமிருக்கிறது. போகும்போது வாசலில் நிறுத்தி, கோயிலிலிருந்து வந்துகொண்டிருந்த ரோஸாவும் மேல்வீட்டாரும் கேட்கும்படி, அன்றைக்கு டீயும் ரம்மும் நான் கொடுத்தது, இவன் குடிகாரன் இல்லை என்று சொன்னேன். ரோஸா வாயைத் திறந்தபடி நின்றாள். நிற்கட்டும்.

அதனால் என் பதில் இது. வா. ஆனால் சி சட்டையை நீ கேட்காதே, தரமாட்டேன், அது அவனுடையது, கறை இன்னும் போகவில்லை. நீ ஏ போட்டுக்கொண்டு இறங்கு. முதல் ஆளாக இறங்கு, உனக்கு முன்னால் யாரும் விழுந்திருக்கக்கூடாது. சங்கத்தாரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன், சம்மதித்தார்கள், என் முகத்தைப் பார்த்துச் சம்மதிக்காமல் என்ன செய்வார்கள். இந்த வருஷம் மலையில் டீ கிடையாது, நம் வீட்டிலிருந்து யாரும் சுமக்கமாட்டார்கள், குளிர்ந்தால் குளிரட்டும்.

மாதா உன்னைக் காக்கட்டும், உன் இரண்டு முழங்காலையும் காக்கட்டும், கிளம்புமுன் புனித நீரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள். முழங்காலுக்குக் கட்டுப்போட மறக்காதே, வலதை இறுக்கமாக. கடைசி வளைவுக்கு மேலே வரும்போது இடப்பக்கம் ஒரு தரம் பார். காசியன் தடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான், பக்கத்தில் நான் நிற்பேன், கொடி என் இரண்டு கையிலும் இருக்கும்.

உன் அம்மா
நோட்புர்கா