கொடியேறிய அன்று திறந்த ஷவர்மாக் கடை

அன்புள்ள மனைவி மர்ழியாவுக்கு ஸலாம். நான் சுகம், புத்தளத்தில் உமது முழங்கால் நோவு குறைந்ததா?

இப்படித்தான் நடக்குமென்று நான் அன்றைக்கே சொன்னேன். யாழ்ப்பாணத்தில் பிறந்த என்னைவிட ஊரை அறிந்தவன் கடையில் யார்? எங்கள் ஷவர்மாக் கடையின் யாழ்ப்பாணக் கிளையை, நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்றே திறந்தார்கள். நூறு கோழி ஊறப்போட்டிருந்தோம், ஒரு சனமில்லை. தெருவில் போனவரைக் கூப்பிட்டேன்.

“இல்லை நானா, கோயில் கொடியேறிட்டுது. இனி இருபத்தைஞ்சு நாளைக்கு எங்கடை வீட்டிலை இறைச்சியென்ன, முட்டையுமில்லை. உங்களுக்குத் தெரியாதே?” என்று சிரித்தார்.

முதலாளி கிளையை மூடப்போகிறாராம். மூடினால் உம்மை இங்கே கூட்டிவரும் கதையும் முடிந்தது. இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கிறேன். இரவில் கட்டிக்கொள்ள என் பழைய சாரத்தையும் நீர் இடித்த மிளகாய்த்தூளையும் பஸ்ஸில் அனுப்பும்.

அன்றைக்கே சொன்னேன் என்பது மட்டும் பொய், மர்ழியா. ஊர்க்காரனென்று என்னிடம்தான் கடை திறக்க நாள் கேட்டார்கள். தொண்ணூறில் நம்மை விரட்டியபின் முப்பது வருடத்துக்கு மேல் வெளியே இருந்ததில், கொடியேற்றம் எப்போதென்று எனக்கே மறந்துபோயிற்று.

அவசரத்தில்,
ஜவாஹிர்